துடைத்துக் கொடுத்த போன்

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சேலைப் பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டில் நிறமும் விலாசமும்தான். நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் வாய் திறக்காத ஒருத்தி, யாரும் கேட்காமல் இத்தனை பக்கம் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கடையின் மெயில் பூட்டிக்கொண்டதும் திறந்ததும்தான் விஷயம். யாரிடமாவது சொல்லிவிட ஆள் இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுச் சேலை வியாபாரம் செய்யும் ஒரு முதலாளியிடம் வேலை பார்க்கிறேன். முன்பக்கம் கடை, பின்பக்கம் ஒரு நீள அறை. நெசவாளர்கள் கொண்டுவரும் சேலைகளை வெள்ளைத் துணியில் விரித்துப் பார்ப்பது, தூக்கிக்கொண்டு நிற்கும் இழைகளைக் கத்தரிப்பது, முந்தியில் குஞ்சம் கட்டுவது, மடித்துப் பெட்டியில் வைப்பது, இவைதான் என் வேலை. அந்த நீள அறையின் ஒரு மூலை என்னுடையது. எதிர் மூலையில் ஒரு மேசையும் கணினியும் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்திருந்தவள் என்னைவிட மிகவும் சின்னவள். ஒரு பெண் குழந்தைக்குத் தாய். அவளுடைய அப்பா முன்பு எங்கள் முதலாளியின் தறியில்தான் நெய்தார். அவளிடம் கேட்காமல் எழுதுவதால் பெயரைச் சொல்லவில்லை.

வெளியூர் ஆர்டர்கள், வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் படங்கள், தறிக்குப் போகும் டிசைன்கள் எல்லாம் ஒரே மெயில் கணக்குக்குள் இருந்தன. இப்போது பல தறிகளில் டிசைனைக் கணினியில் வரைந்து, பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால், தறி மேல் உட்கார்ந்திருக்கும் பெட்டி அதைப் படித்து இழைகளைத் தூக்குகிறது. அந்த டிசைன்களை வேறு யாராவது எடுத்துவிடுவார்களோ என்று முதலாளிக்கு எப்போதும் பயம். அதனால் தினமும் காலையில் கடவுச்சொல்லோடு ஒரு ஆறு இலக்க எண்ணையும் கேட்கும்படி வைக்கச் சொல்லியிருந்தார். அந்த எண் கடை போனில் தெரியும். கொஞ்ச நேரத்தில் மாறிவிடும்.

அவள் வந்ததும் பையை மாட்டிவிட்டு, அந்த எண்ணை உரக்கப் படிப்பாள்.

"அக்கா, இன்னிக்கு நம்ம நம்பரு ஏழு, ஏழு, ரெண்டு, பூஜ்யம், ஒம்போது, ஏழு. எப்படி?"

"நல்ல நம்பரு" என்பேன். சில நாள் "சுமார்தான்" என்பேன். சுமார் என்று சொன்னால், "அப்ப மாறட்டும் இரு" என்று அடுத்த எண் வரும்வரை காத்திருந்து அதைத் தட்டுவாள். இதில் அர்த்தம் ஒன்றும் கிடையாது. ஆனால் காலையில் என்னிடம் ஒருவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

நான் தனியாக இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. அம்மா அப்பா போன பிறகு, கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். பக்கத்து வீடுகளில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அது நின்றுவிட்டால் மணி என்ன என்று தெரிந்துவிடும். யாருடனும் சண்டை இல்லை, யாருடனும் பேச்சும் அதிகம் இல்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மதியம் சாப்பிடும்போது அவள் பேசுவாள், நான் கேட்பேன். அவளுடைய மாமியார் கீரையில் உப்புப் போடாமல் வைத்துவிட்டு, உப்பு போட்டேன் என்று சாதித்தது. பாப்பா பள்ளிக்கூடத்தில் டீச்சரையே பெயர் சொல்லிக் கூப்பிட்டது. தான் உட்காரும் நாற்காலியின் ஒரு கால் ஆடுவதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. நான் சொல்வதற்கு அவ்வளவு விஷயம் என்னிடம் இருந்ததில்லை. அவளுக்கு அது குறையாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

அவளுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. காலையில் கம்பெனி பஸ் மெயின் ரோட்டுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். முதலாளிக்கு வருத்தம்தான். அதைக் கிண்டலாகத்தான் அவருக்குக் காட்டத் தெரியும்.

"ஏசி பஸ்ல போறவங்கள எல்லாம் நம்மளால நிறுத்த முடியுமா?" என்றார்.

"ஏசி இல்ல மொதலாளி, ஜன்னலே சரியா மூடாது" என்றாள் அவள்.

கடைசி நாள் மேசையை ஈரத்துணியால் துடைத்தாள். நான் சேலைத் தூசு தட்டும் மென்மையான பிரஷ்ஷை வாங்கி, கணினி விசைப்பலகையின் இடுக்கெல்லாம் தட்டினாள். பிறகு கடை போனை நீண்ட நேரம் கையில் வைத்துக்கொண்டு என்னவோ செய்துகொண்டிருந்தாள். சாயங்காலம் ஒரு தட்டில் போன், சுருட்டிக் கட்டிய சார்ஜர், பீரோ சாவி மூன்றையும் வைத்து இரண்டு கையாலும் முதலாளியிடம் நீட்டினாள். "எல்லாம் தொடச்சிக் குடுத்துட்டேன் மொதலாளி" என்றாள். அவர் வந்தவர்களுக்குச் சேலை காட்டிக்கொண்டிருந்தார். "சரிம்மா, சரிம்மா" என்று வாங்கி இழுப்பறையில் போட்டார்.

வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போன் பண்றேன்க்கா" என்றாள்.

அதற்குப் பிறகு நான் காத்திருந்தேன். எனக்கு அந்த நாட்களில் இருந்த கேள்வி அது ஒன்றுதான், அவள் கூப்பிடுவாளா என்று. நானாகக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? புது வேலையில் இருக்கிறவளை எதற்கு என்றே தெரியாமல் கூப்பிடுவதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. அவளிடம் சொல்வதற்கென்று சிலவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டேன். ஆடிய நாற்காலிக் காலை அவள் போன மூன்றாம் நாளே தச்சர் வந்து சரிசெய்தார். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு மாடிப்படிக்குக் கீழே பூனை குட்டி போட்டிருந்தது. இப்படிச் சின்னச் சின்னதாக. மதியம் அணைந்து கிடந்த கணினித் திரையைப் பார்த்தபடி சாப்பிட்டேன். அதில் என் உருவம் மங்கலாகத் தெரிந்ததால் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

மெயில் பூட்டிக்கொண்ட விஷயம், ஒரு நெசவாளர் அக்கா கடைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. அவரும் அவர் வீட்டுக்காரரும் ஒரு கல்யாணச் சேலை நெய்துகொண்டிருந்தார்கள். சத்தமான பெண்மணி. வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார்.

"மொதலாளி, சேலைக்கு ஒடம்பு முடிஞ்சி முந்திக்கு வந்துட்டோம். முந்தி டிசைன் எங்க? தறி சும்மா நின்னுக்கினு இருக்குது. நானும் எங்க வீட்டுக்காரரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கினு உக்காந்திருக்கறோம். இது எவ்ளோ நாளைக்குத் தாங்கும்?"

முதலாளி கணினி முன்னால் உட்கார்ந்தார். கடவுச்சொல் அவருடைய குலதெய்வத்தின் பெயர். கடையில் எல்லோருக்கும் தெரியும். அதைத் தட்டினார். ஆறு இலக்க எண் கேட்டது. இழுப்பறையிலிருந்து போனை எடுத்து உயிர் கொடுத்தார். திரையில் வரவேற்பு வந்தது. எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

"இன்னாடா இது, புதுசா கடைல வாங்கின மாதிரி கேக்குது?" என்றார். உள்ளே ஒன்றுமே இல்லை. எண் காட்டும் செயலி இல்லை, படங்கள் இல்லை, யாருடைய எண்ணும் இல்லை.

"அழிச்சிட்டா" என்றார். "வேணும்னே அழிச்சிட்டுப் போயிருக்கறா. டிசைன எல்லாம் எங்கயாச்சும் குடுத்துட்டாளோ என்னவோ. இருக்கட்டும், போலீஸ்ல ஒரு கம்ப்ளெயின்ட் குடுத்தா தானா வருவா."

"கம்ப்யூட்டரு பூட்டிக்கினுச்சா?" என்றார் நெசவாளர் அக்கா. "பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு பூட்டு ரிப்பேர்க்காரன் குந்திக்கினு இருக்கறான், போய் இட்டுக்கினு வாங்க."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அவள் கடைசி நாளில் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவள் நான். கெட்ட எண்ணத்தோடு ஒன்றைச் செய்கிற முகம் அல்ல அது. பூஜைக்குப் பாத்திரம் விளக்குகிற முகம். இதைச் சொல்ல நினைத்தேன். ஆனால் ஒரு முகத்தைப் பற்றி எப்படிச் சொல்வது? குஞ்சத்தை முடிந்துகொண்டே இருந்தேன்.

மறுநாள் முதலாளியின் அக்கா மகன் சென்னையிலிருந்து வந்தார். கணினி வேலையில் இருப்பவர், பொறுமையான பையன். என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுவார். உட்கார்ந்து என்னென்னவோ செய்து பார்த்தார். வேறு வழியில் உள்ளே வர வேண்டுமா என்று திரை கேட்டது. வேண்டும் என்றார். ஒரு போன் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதாகச் சொன்னது. எண் முழுவதையும் காட்டாமல் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் காட்டியது.

"மாமா, இந்த நம்பர் உங்களோடதா?"

"என்து இல்ல."

"அப்ப யாரோடது?"

நான் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு மறுபடி சொன்னேன். "அவளோட சொந்த நம்பரு."

"அப்ப ஈஸி ஆன்ட்டி. ஒரு போன் போட்டு, வர்ற நம்பரக் கேட்டா முடிஞ்சிடும்."

"அவளுக்கு யாரும் போன் போடக் கூடாது" என்றார் முதலாளி. "போனத் தொடச்சிட்டுப் போனவளாண்ட நான் போய் நிக்கணுமா? வேற வழியப் பாரு."

வேறு வழியையும் பையன் பார்த்தார். கணக்கு எப்போது தொடங்கினீர்கள், பழைய கடவுச்சொல் என்ன என்றெல்லாம் மெயில் கேட்டது. மாமாவும் மருமகனும் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். கடைசியில், நீங்கள்தான் உரிமையாளர் என்று எங்களால் உறுதி செய்ய முடியவில்லை, சில நாள் கழித்து முயலுங்கள் என்று வந்தது. முதலாளி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். "நான் ஓனர் இல்லியாமா? எங்கப்பா ஆரம்பிச்ச கடைப்பா இது" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். பாவமாக இருந்தது.

எனக்கு உள்ளுக்குள் வேறு ஒரு நினைப்பு. அந்த இரண்டு இலக்கங்களைப் பார்த்ததிலிருந்து அது ஆரம்பித்தது. அவள் போய்விட்டாள், ஆனால் இந்த அறைக்குள் நுழைய அவள் இன்னும் தேவைப்படுகிறாள். முதலாளியின் கோபம் ஆறினால், தினமும் காலையில் அவளைக் கூப்பிட்டு எண் கேட்கும்படி ஆகலாம். கேட்க வேண்டியவள் நானாக இருக்கலாம். அவள் அங்கிருந்து படிப்பாள், நான் நல்ல நம்பர் என்று சொல்வேன். கூப்பிடுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

"தினமும் கேக்கணுமாப்பா?" என்று பையனிடம் மெதுவாகக் கேட்டேன்.

"சேச்சே, ஒரே ஒரு தடவை போதும் ஆன்ட்டி. உள்ள போனதும் அவங்க நம்பர எடுத்துட்டு வேற நம்பர் போட்டுடுவேன். அப்புறம் அவங்க தேவையே இல்ல" என்றார், நான் கவலைப்படுகிறேன் என்று நினைத்து.

அடுத்த நாள் காலையில் கடை திறக்கும்போதே நெசவாளர் அக்கா படியில் உட்கார்ந்திருந்தார். "பொண்ண முகூர்த்தத்துல முந்தி இல்லாமயே கட்டிக்கச் சொல்லலாமா மொதலாளி? புது ஃபேஷன்னு சொல்லிக்கலாம்" என்றார். முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு நேராக என் மூலைக்கு வந்தார். வழக்கமாக அங்கிருந்தே கூப்பிடுவார்.

"நீ போடும்மா. உன் போன்லருந்து போடு. நீன்னா எடுப்பா."

அவள் எண் எனக்கு மனப்பாடம். தட்டினேன். மணி அடித்தது, அடித்து முடிந்தது. மறுபடி போட்டேன். எல்லோரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சற்று நேரம் கழித்து மறுபடியும், பத்து மணி வாக்கில் இன்னொரு முறையும். எடுக்கவில்லை.

"பாத்தியா? நம்பரப் பாத்துட்டு விட்டுட்டா" என்றார் முதலாளி.

பையன், மாலைவரை பார்ப்போம் மாமா என்று சமாதானம் சொல்லிவிட்டு முன்பக்கம் போனார். அன்று எனக்கு நிறைய வேலை இருந்தது. ஒரு அரக்கு நிறச் சேலை, கரை பச்சை. விரித்துப் பார்த்தேன், மடித்தேன், பிறகு பார்த்தோமா என்று சந்தேகம் வந்து மறுபடி விரித்தேன். கண் சேலையில் இருந்ததே தவிர எதையும் பார்க்கவில்லை. நம்பரைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். அப்படி இருக்கலாம். என் பெயரை அவள் போனில் எப்படிப் போட்டு வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும், சேலை அக்கா என்று. சேலை அக்கா என்று திரையில் வந்ததும் புதிய இடத்தில் பக்கத்திலிருப்பவர்கள் யாரென்று கேட்டிருப்பார்கள். பழைய இடம் என்று சொல்லியிருப்பாள். அவ்வளவுதான் நான். ஒரே அறையில் உட்கார்ந்ததால் பேசினாள். வேறு யார் உட்கார்ந்திருந்தாலும் பேசியிருப்பாள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசுவதில்லையா? இறங்கிய பிறகு அவரைக் கூப்பிடுகிறோமா?

மதியம் சாப்பாட்டைத் திறந்து, பாதி சாப்பிட்டு, மூடினேன். பூனைக்குட்டிகள் படிக்குக் கீழே ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. அவற்றை யாரிடம் சொல்லப்போகிறேன் என்று நினைத்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டேன். வெயில் என்று சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் கடையில் விளக்கேற்றி, முதலாளி படங்களுக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. என் போன் அடிப்பது அபூர்வம் என்பதால் எல்லோரும் திரும்பினார்கள். அவள்தான். பையன் ஓடி வந்து, "ஸ்பீக்கர்ல போடுங்க ஆன்ட்டி, ஸ்பீக்கர்ல போடுங்க" என்று தானே ஒரு பொத்தானை அழுத்தினார். முதலாளி கற்பூரத் தட்டோடு வந்து நின்றார். டிசைனுக்காக மறுபடி வந்திருந்த நெசவாளர் அக்காவும் என் தோளுக்குப் பின்னால் வந்துவிட்டார்.

"அக்கா! சாப்டியா?"

பஸ் சத்தத்தின் நடுவே அவள் குரல். அதைக் கேட்பதற்கு நான் எத்தனை நாளாகக் காத்திருந்தேன் என்பது நின்றிருந்த மூன்று பேருக்கும் தெரியாது.

"சாப்டேம்மா."

"காலைல அத்தினி மிஸ்டு காலு. பயந்தே போயிட்டேன். இங்க போன உள்ள வுடமாட்டாங்கக்கா. கேட்டுலயே வாங்கிப் பொட்டில போட்டுப் பூட்டிடுவாங்க. இப்பதான் கைக்கு வந்துச்சி. இன்னாக்கா, ஒடம்பு நல்லா இருக்குதா? உனக்கு எவ்ளோ சொல்லணும் தெரியுமா? இங்க ஒரு மேனேஜர் இருக்கறான்…"

"ஸ்பீக்கர்ல போட்டிருக்குதும்மா" என்றேன். "மொதலாளி இருக்கறாரு. எல்லாரும் இருக்கறாங்க."

"ஓ." குரல் மாறிவிட்டது. மேசைக்கு எதிரே வாடிக்கையாளர் நின்றால் வரும் குரல். "வணக்கம் மொதலாளி. சொல்லுங்க."

முதலாளி "ம்" என்றார். பையன் விஷயத்தைச் சொன்னார். இப்போது ஒரு எண் அனுப்புகிறேன், வந்ததும் படியுங்கள் என்றார். அது வந்தது, அவள் படித்தாள், நடுவில் ஒரு லாரி ஹாரன் அடித்து ஒரு இலக்கத்தை விழுங்கிவிட்டது. தப்பு என்றது திரை. மறுபடி அனுப்பினார். இந்த முறை வரவே இல்லை.

"வாலாஜாபாத் தாண்டினா சிக்னல் போய்ப் போய்த்தான் வரும். இருங்க" என்றாள்.

காத்திருந்தோம். அந்த இடைவெளியில் நான் பேசியிருக்கலாம். பூனை குட்டி போட்டதைச் சொல்லியிருக்கலாம். கற்பூரம் அணைந்து புகைந்துகொண்டிருந்தது. யாரும் பேசாமல் இருந்தால் எங்கள் முதலாளிக்குத் தாங்காது.

"ஏம்மா, கேக்கறேன்னு தப்பா நெனைக்காத. போன இன்னாத்துக்கு அழிச்ச?"

"எந்தப் போன மொதலாளி?"

"கடை போன. ஒண்ணுமே இல்ல உள்ள. அதுலதான நம்பரு வரும்?"

அவள் சொன்னாள்.

"திருப்பிக் குடுக்கறப்ப அப்படியேவா குடுப்பாங்க? எங்கப்பா உங்க தறியத் திருப்பிக் குடுத்தப்ப தறிக்குழியக் கூட்டிப் பெருக்கி, ஒரு இழை வுடாம எடுத்துட்டு, கட்டைக்கு எண்ணெ தடவித்தான குடுத்தாரு? நீங்களே எத்தினி வாட்டி சொல்லியிருக்கீங்க, உங்கப்பன மாதிரி சுத்தமா யாரும் குடுத்ததில்லன்னு. அதுல எங்க பாப்பா போட்டோ, நான் கேக்கற பாட்டு, எல்லாக் குப்பையும் இருந்துச்சி. அதோட எப்படிக் குடுக்கறது? தொடச்சிட்டேன். அன்னிக்கே உங்களாண்ட சொன்னேனே மொதலாளி."

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்குமோ விளங்காதோ. எங்கள் ஊரில் முதலாளி கொடுத்த தறியை விட்டுப் போகிறவர், தன் கை பட்டதற்கு அடையாளமே இல்லாமல் செய்துவிட்டுத்தான் போவார். பழைய நூல் கிடந்தால், விட்டுப் போனவரைப் பல காலம் பேசுவார்கள். அதில் வளர்ந்த பெண் அவள். போன் துடைத்தால் அதற்குள்ளிருக்கும் சாவியும் போய்விடும் என்று அவளுக்கும் அன்று தோன்றவில்லை.

"அதான" என்றார் நெசவாளர் அக்கா. "குப்பையோட குடுத்துட்டு உங்களாண்ட யாரு பேச்சு வாங்கறது?"

முதலாளி கையிலிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவரும் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர்தான். கோபம் இறங்கியது முகத்தில் தெரிந்தது. லேசாகச் சிரித்தார்.

"கொஞ்சம் குப்பைய வெச்சிட்டுப் போயிருக்கலாம்மா" என்றார்.

"மொதல்ல அந்த மெசேஜுக்கு என் நம்பர ஏன் போட்டேன்னும் கேளுங்க. உங்க நம்பரப் போடறேன்னதுக்கு, எனக்கு இந்த டொய்ங் டொய்ங் சத்தமெல்லாம் வேணாம்னு நீங்கதான் சொன்னீங்க."

"சரி, சரி. வுடு" என்றார் முதலாளி. பையன் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

அதற்குள் எண் வந்துவிட்டது. இந்த முறை அவள் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். பழைய காலைகளில் படிப்பது போலவே, அதே இழுவையோடு. "நாலு… ஒண்ணு… ஒண்ணு… எட்டு… மூணு… நாலு." படித்து முடித்துவிட்டு ஒரு கணம் காத்திருந்தாள். எனக்காகத்தான் காத்திருந்தாள் என்று இப்போதும் நம்புகிறேன். என் வாயில் வந்துவிட்டது. ஆனால் மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்கும்போது, நல்ல நம்பரு என்று எப்படிச் சொல்வது?

"தொறந்துக்கிச்சி!" என்று நெசவாளர் அக்கா கத்தினார். முதலாளி, "வந்துடுச்சிம்மா, ரொம்ப நல்லதும்மா, அப்பாவ கேட்டேன்னு சொல்லு" என்றார்.

"சரி மொதலாளி. அக்கா, எங்க ஸ்டாப் வந்துடுச்சி. வெக்கிறேன்க்கா."

போன் என் கையில் சூடாக இருந்தது.

பையன் டிசைனைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். அந்த அக்கா அதை முந்தானையில் முடிந்துகொண்டு, "இது தொலஞ்சா முந்தானையோட சேத்து நானும் தொலஞ்சேன்" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.

"இனிமே யார் நம்பரப் போடலாம் மாமா? உங்களோடத?"

"எனக்கு வேணாம்பா. புதுசா வர்ற பொண்ணு நம்பரும் வேணாம், அதுவும் ரெண்டு வருஷத்துல பூடும். இந்தம்மா நம்பரப் போடு. இவங்க எங்க போவப்போறாங்க?"

நம்பிக்கையால்தான் சொன்னார். அவர் என்னிடம் சொன்ன வார்த்தைகளில் அது நல்ல வார்த்தை என்றுதான் நினைக்கிறேன். அவர் சொன்னது உண்மையும்கூட.

"சொல்லுங்க ஆன்ட்டி, உங்க நம்பர்?"

எனக்கு என் எண் தெரியவில்லை. முதல் நாலு இலக்கம் வந்தது, பிறகு அவளுடைய எண்தான் நாக்கில் வந்தது. என் எண்ணை யாரும் கேட்டதில்லை, யாருக்கும் சொன்னதில்லை. "பரவால்ல, எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க" என்றார் பையன். கொடுத்தேன். பிறகு என் போனைத் தானே வாங்கிக்கொண்டு என்னென்னவோ சரிபார்த்தார். திரையில் இரண்டு எண்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன, இரண்டிலும் கடைசி இலக்கங்கள் மட்டும். கொஞ்ச நேரம் அப்படி இருந்தன. அவள் எண்ணுக்குப் பக்கத்தில் சின்னக் குப்பைத்தொட்டி படம் ஒன்று இருந்தது.

"எடுத்துடலாம்ல மாமா?"

"எடு, எடு. பாவம், அதுக்கு ஏன் வீண் தொந்தரவு?"

எடுத்துவிட்டார். இனி இந்த அறையில் அவளுடைய இழை எதுவும் இல்லை. அவளே அப்படித்தான் விட்டுப் போக நினைத்தாள், அவள் அப்பாவைப் போல. அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

வீட்டுக்கு நடக்கும்போது, ஒரு வார்த்தை சொல்லலாமே, திறந்துவிட்டது, உனக்கு நன்றி என்று போன் பண்ணலாமே என்று நினைத்தேன். திறந்ததை அவள் காதாலேயே கேட்டுவிட்டாள். நன்றியையும் முதலாளி சொல்லிவிட்டார். தெருவில் கடைசித் தறியும் நின்றிருந்தது. அந்த மேனேஜர் என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது. அதை எனக்குச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்திருக்கிறாள், அது வரையில் சரி. பூனைக்குட்டிகளைப் பற்றி நான் சொல்லவில்லை. போனைத் தலைமாட்டில் வைத்தேன், சத்தம் கூட்டி.

மறுநாள் காலை மெயில் எண் கேட்டது. என் போனுக்கு வந்தது. இரவே சென்னைக்குத் திரும்பிவிட்ட பையன், புது ஆள் வரும்வரை அங்கிருந்தே மெயிலைத் திறப்பதாகச் சொல்லியிருந்தார். எண்ணைக் கேட்டார், படித்துச் சொன்னேன். திறந்துவிட்டது என்றார். வேறு போன் எதுவும் வரவில்லை.